கொல்லைப்புறத்து அருவி: நிஃமத்தா, விரயமா?

 

 

இந்த வார உரைக்குக் காரணம் ஒரு கேள்வி. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய ஒரு புறநகரில் வசிக்கும் சகோதரர் அனுப்பியிருந்தார். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். பல வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு இப்போது சொந்த வீடு வாங்கியிருக்கிறார். வட்டியில்லாமல் வாங்குவதற்கு அவர் பட்ட பாடு தனிக் கதை. இன்னொரு வாரம் பேசலாம். வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது, நீச்சல் குளம் கட்டுகிறார். கட்டித் தருபவர் ஒரு வரைபடப் புத்தகத்தைக் கொடுத்து, "குளத்தில் தண்ணீர் அலங்காரம் எது வேண்டும், தேர்ந்தெடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "ஹஸ்ரத், இதில் எது கூடும், எது கூடாது?" என்று கேட்டிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம்மில் பலருக்கு ஹவுளில் தண்ணீர் இருக்கிறதா என்பதே கவலை. இவருக்கு அருவி எந்த அகலம் என்று கவலை. ஆனால் அன்று அஸருக்கு ஒளு செய்யும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தப் படங்களில் என்ன இருந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரிலுள்ள நீண்ட பிளவிலிருந்து கண்ணாடித் தகடு போல விழும் நீர்த்திரை ஒன்று. குளத்தங்கரைத் தரையிலிருந்து வில்லாக வளைந்து குளத்துக்குள் பாயும் தாரைகள். செயற்கைப் பாறைகளை அடுக்கிச் செய்த அருவி. சுடுநீர்த் தொட்டியை உயரத்தில் கட்டி, அது வழிந்து குளத்தில் இறங்கும்படி ஓர் அமைப்பு. சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சுவர்க்குழாய். கடைசியாக, முழங்காலுக்குக் கீழே ஆழமுள்ள ஒரு மேடையில், அடியிலிருந்து குமிழியிட்டுக் கொப்பளிக்கும் சின்ன ஊற்று.

தண்ணீரைப் பார்த்து மகிழ்வது தவறா? இல்லை. இதில் தயக்கம் வேண்டாம். தன் அடியார்களுக்கு அல்லாஹ் வாக்களித்த சுவனத்தைக் குர்ஆன் வர்ணிக்கும் பல இடங்களில் ஆறுகள் ஓடுகின்றன. சூரா அர்ரஹ்மானில் ஓடும் ஊற்றுகளும் பொங்கும் ஊற்றுகளும் வருகின்றன. தண்ணீரின் அழகு மனிதனுக்கு வேண்டாத பொருளாக இருந்திருந்தால் அதையே கூலியாகச் சொல்லியிருக்க மாட்டான். தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டதும் ஹராம் என்று சொல்ல ஓடுபவர்களிடம், கிரனாடாவைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

ஸ்பெயினில், அந்தலுஸில், முஸ்லிம்கள் ஆண்ட கடைசி நகரம் கிரனாடா. 1492ல் கை மாறியது. அங்கே அல்ஹம்ரா அரண்மனையில், 14ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் முஹம்மது என்ற சுல்தான் கட்டிய முற்றத்தில், பன்னிரண்டு கல் சிங்கங்கள் முதுகில் தாங்கிய நீரூற்று இன்றும் இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது தெரியுமா? மலைக்கு மேலே தர்ரோ ஆற்றில், ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு வாய்க்காலைப் பிரித்து, சரிவு பார்த்து வெட்டிக் கொண்டுவந்தார்கள். பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. வந்த தண்ணீர் தோட்டத்துக்கும் போனது, குளியல் மண்டபத்துக்கும் போனது, குடிக்கவும் ஆனது. நீரூற்று அந்தப் பயணத்தில் ஓர் இடம். வேலைக்குப் போகிற வழியில் தண்ணீர் கொஞ்சம் பாடிவிட்டுப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே அரண்மனையில் இன்னொரு முற்றம். நடுவில் நீண்ட குளம், இரண்டு பக்கமும் மிர்ட்டில் செடிவேலி. அந்தக் குளத்தின் இரு முனைகளிலும் தரையோடு தரையாக வட்டமான சிறு தொட்டிகள். அவற்றிலிருந்து தண்ணீர் ஒரு சிறு கால் வழியே மெதுவாக வழுகிக் குளத்தில் சேருகிறது. குளத்தில் தெரியும் கோபுரத்தின் பிம்பம் கலையாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். ஒரு சுல்தானுக்கே அவ்வளவு போதுமாக இருந்தது.

சிங்க உருவம் பற்றி ஒரு வார்த்தை. அல்ஹம்ராவில் இருக்கிறதே என்று யாராவது ஆதாரம் காட்டலாம். அரசர்கள் செய்ததெல்லாம் மார்க்கம் ஆகாது. உயிருள்ளவற்றின் உருவச் சிலைகளை வைப்பதை நம் இமாம்களில் பெரும்பாலோர் தடுத்திருக்கிறார்கள். வெறும் செம்புக் குழாயிலிருந்தும் தண்ணீர் அதே மாதிரிதான் விழும். அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள் என்று அவருக்கு எழுதிவிட்டேன். அது எளிது. மற்றவைதான் எளிதில்லை.

அரிசோனா பாலைவனம். ஃபீனிக்ஸில் வருடத்துக்கு 7, 8 அங்குலம் மழை பெய்தால் அதுவே பெரிது. அதே வெயிலில், திறந்து கிடக்கும் குளத்திலிருந்து வருடத்துக்கு ஏறத்தாழ 5 அடித் தண்ணீர் ஆவியாகிறது. அந்தச் சகோதரரின் குளம் 30 அடி நீளம், 15 அடி அகலம், சராசரி 5 அடி ஆழம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுமார் 64,000 லிட்டர். நம்மூர் 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஐந்துக்கும் மேல். அதாவது ஒவ்வொரு வருடமும் ஒரு முழுக் குளம் வானத்துக்குப் போகிறது, யாரும் குளிக்காவிட்டாலும்.

அவர் ஒரு வாதம் வைத்தார். நியாயமான வாதம்தான். "அருவிக்கென்று புதுத் தண்ணீர் இல்லை ஹஸ்ரத். குளத்துத் தண்ணீரே சுற்றிச் சுற்றி வருகிறது. இதில் விரயம் எங்கே?" உங்களில் பலருக்கும் இதே எண்ணம் தோன்றும். தண்ணீர் தேங்கி நிற்கும்போது அதன் மேல்பரப்பு மட்டும்தான் காற்றைத் தொடுகிறது. அதையே மெல்லிய திரையாக்கி, துளிகளாக்கி உயரத்திலிருந்து விட்டால், காற்று படும் பரப்பு பல மடங்கு. காய்ந்த காற்று விடுமா? கொடியில் விரித்த துணியும் சுருட்டிவைத்த துணியும் ஒரே நேரத்திலா காய்கின்றன? கரைக்கு வெளியே தெறித்துப் போவது தனி. அருவி கொட்டக் கொட்டத் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி, தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. அதைச் சரிசெய்ய அடிக்கடி அமிலம் ஊற்ற வேண்டும். அப்புறம் பம்பு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்பைப் பாதி வேகத்தில் ஓட்டினால் மின்சாரம் பாதியாகாது, கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்காகிவிடும். வடிகட்டுவதற்கு அந்த மெதுவான ஓட்டம் போதும். அகலமான நீர்த்திரை கிழியாமல் விழ வேண்டுமென்றால் அது போதாது, முழு வேகம் வேண்டும். ஆவியாவதைத் தடுக்க ஒரே நல்ல வழி குளத்தின் மேல் மூடி விரிப்பது. பாறை அருவியும் வழியும் தொட்டியும் ஓடிக்கொண்டிருக்கிற குளத்தில் மூடியை எப்படி விரிப்பீர்கள்?

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அரிசோனாவின் தண்ணீரில் பெரும்பகுதியைக் குடிப்பது விவசாயம், வீட்டுக் குளங்கள் இல்லை. கொலராடோ ஆற்றில் பற்றாக்குறை என்று அமெரிக்க மத்திய அரசு வரலாற்றில் முதன்முறையாக 2021 ஆகஸ்டில் அறிவித்தது. 2022ல் அரிசோனா தன் பங்கில் ஏறத்தாழ 18 விழுக்காட்டை இழந்தது. பினால் மாவட்ட விவசாயிகள் நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். இந்தச் சகோதரர் தன் அருவியை நிறுத்தினால் அந்த வயல்களுக்குத் தண்ணீர் வந்துவிடுமா? வராது. அப்படியானால் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்? ஊர் முழுக்கச் செலவழிக்கிறது, என் ஒரு சொட்டில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாமா?

நான் சிரிப்பை நிறுத்திய இடம் இதுதான். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளு செய்தார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையுள்ள தண்ணீரில் குளித்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. ஒரு முத்து என்பது ஷாஃபிஈ மத்ஹப் கணக்கில் முக்கால் லிட்டருக்குள்தான். அன்று அஸருக்குப் பள்ளியில் குழாயடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, வழக்கம்போல ஒளு செய்தேன். முடித்துவிட்டு அளந்து பார்த்தால் 9 லிட்டர்! பன்னிரண்டு பேருடைய தண்ணீரை நான் ஒருவன் கொட்டியிருக்கிறேன். இந்த லட்சணத்தில் அரிசோனாக்காரருக்கு ஃபத்வா கொடுக்க உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் ஒருநாள் வாளி வைத்துப் பாருங்கள்.

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் விரயம் உண்டு என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் சொல்லியிருப்பதையும் சேர்த்தே சொல்கிறேன், மேடையில் அதை யாரும் சொல்வதில்லை. ஆனால் வீண்விரயம் கூடாது என்பதற்கு அந்த ஒரு செய்தியை மட்டும் நாம் நம்பி இருக்கவில்லை, குர்ஆனே போதும். கவனிக்க வேண்டியது அதிலுள்ள கருத்து. ஆற்றில் அள்ளிய தண்ணீர் ஆற்றிலேயே விழுகிறது. யாருக்கும் குறைவில்லை. அப்படியும் அது விரயம் என்றால், விரயம் என்பது தண்ணீரின் கணக்கில் மட்டும் இல்லை, அள்ளுகிற கையிலும் இருக்கிறது. அருவியை நிறுத்தினால் ஆறு நிறையாது என்ற பதில் ஆற்றைப் பற்றிய பதில். அல்லாஹ் நம்மிடம் கேட்கப்போவது ஆற்றைப் பற்றி அல்ல.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பசி தாங்காமல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர், உமர் (ரலி) இருவரும் வீட்டைவிட்டு வெளியே வருகிறார்கள். ஓர் அன்சாரித் தோழரின் வீட்டுக்குப் போகிறார்கள். அவர் வீட்டில் இல்லை. எங்கே போயிருக்கிறார்? நல்ல தண்ணீர் எடுத்துவரப் போயிருக்கிறார். வருகிறார், பேரீச்சங்குலை வைக்கிறார், ஆடு அறுக்கிறார். உண்டு, குடித்து, வயிறு நிறைந்த பிறகு நபியவர்கள் சொன்ன விஷயம்தான் நெஞ்சை உலுக்குகிறது: இந்த நிஃமத்தைப் பற்றி மறுமையில் உங்களிடம் கேட்கப்படும் என்று இரு தோழர்களுக்கும் சொன்னார்கள். பசியில் வந்தவர்கள் அவர்கள். தின்ற பேரீச்சம்பழத்துக்கும் குடித்த தண்ணீருக்கும் கேள்வி உண்டென்றால், பொத்தானை அழுத்தினால் கொட்டும் அருவிக்கு எத்தனை கேள்வி!

கேள்வி உண்டு என்பதால் அது ஹராம் என்று அர்த்தமில்லை, கவனியுங்கள். அந்த உணவு ஹலால். அதை அவர்கள் மறுக்கவும் இல்லை. பதில் சொல்ல முடிகிற மாதிரி அனுபவியுங்கள் என்பதுதான் பாடம்.

எனவே அந்தச் சகோதரரிடம் நான் திருப்பிக் கேட்டேன். "அருவியை எப்போது ஓட விடுவீர்கள்?" பதில் நேர்மையாக வந்தது: "விருந்தாளிகள் வரும்போது. ஹாலில் கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிற மாதிரி வரையச் சொல்லியிருக்கிறேன்." ஆது சமுதாயத்தை ஹூத் (அலை) அவர்கள் கண்டித்ததைக் குர்ஆன் சூரா அஷ்ஷுஅராவில் சொல்கிறது. உயரமான இடந்தோறும் வீணுக்கு ஓர் அடையாளச் சின்னத்தை எழுப்பினார்கள், நிரந்தரமாக வாழப்போகிறவர்கள் போல 'மஸானிஉ'களை அமைத்தார்கள் என்கிறது. அந்தச் சொல்லுக்குக் கோட்டைகள் என்று விரிவுரையாளர்கள் சிலர் பொருள் சொன்னார்கள். தண்ணீர் தேக்கும் தொட்டிகள் என்று கதாதா (ரஹ்) போன்றோர் பொருள் சொன்னார்கள். தண்ணீர்த் தொட்டி கட்டுவது குற்றமா? இல்லவே இல்லை. யாருக்கும் பயன் இல்லாமல் பார்க்கிறவர்களுக்காகக் கட்டியது குற்றமாயிற்று.

அரிசோனாவுக்குப் பக்கத்து மாநிலம் நெவாடா. அங்கே 2021ல் ஒரு சட்டம் போட்டார்கள். சாலையோரத்திலும் அலுவலக வளாகங்களிலும் அழகுக்கு மட்டும் வளர்க்கிற, யாரும் காலே வைக்காத புல்லுக்கு 2026க்குப் பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீரை ஊற்றக் கூடாது. லாஸ் வேகாஸ் இருக்கும் மாவட்டத்தில், 2022 செப்டம்பர் முதல் புதிதாகக் கட்டும் வீட்டுக் குளம் 600 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது. சூதாட்ட நகரம் என்று நாம் பேர் வைத்திருக்கும் ஊர் இது. பயனுள்ள புல் எது, பயனற்ற புல் எது என்று அவர்கள் உட்கார்ந்து பிரித்திருக்கிறார்கள். நம் மஹல்லாக்களில் கல்யாண மண்டபத்து நீரூற்றைப் பற்றி ஒரு கூட்டமாவது போட்டிருக்கிறோமா?

அண்டை வீட்டாரின் உரிமையும் இதில் இருக்கிறது. பாறை அருவியின் இரைச்சல் பகலில் இனிமை, இரவு பதினொரு மணிக்கு மதிலுக்கு அப்பால் படுத்திருப்பவருக்கு அது இனிமை இல்லை. அண்டை வீட்டாருக்கு வாரிசுரிமையே வந்துவிடுமோ என்று நபியவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திய உறவு அது. கொஞ்சம் தள்ளியும் பாருங்கள். அதே ஃபீனிக்ஸ் வட்டாரத்தில், ஸ்காட்ஸ்டேல் நகரை ஒட்டி ரியோ வெர்டி ஃபுட்ஹில்ஸ் என்றொரு குடியிருப்பு. லாரியில் அந்த நகரத்துத் தண்ணீரை வாங்கிப் பிழைத்தவர்கள். வறட்சியைக் காரணம் காட்டி 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து நகரம் அந்த விநியோகத்தை நிறுத்தியது. நூற்றுக்கணக்கான வீடுகள். மழைத் தண்ணீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள். அமெரிக்காவில்! அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால், அன்று அருவியைப் போடுவீர்களா?

அடுத்ததில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், இதில் சலுகை கிடையாது. அந்தச் சகோதரருக்கு மூன்று வயதில் ஒரு மகள். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் இறப்பதற்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது. மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவது போலக் கத்தாது. சத்தமே இருக்காது. "தொப்" என்று விழும் அந்த ஒரு சத்தத்தையும் அருவி இரைச்சல் விழுங்கிவிடும். அலங்காரப் பாறைகள் பிள்ளைகளுக்குப் படிக்கட்டு; வேலியை ஒட்டி அடுக்கினால் வேலியே இல்லாத மாதிரி. அரிசோனா சட்டப்படி குளத்தைச் சுற்றி 5 அடி உயரத் தடுப்பு வேண்டும், தானே மூடித் தாழ் விழும் கதவு வேண்டும். குளத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் வேலி போட்டால் ஹாலிலிருந்து பார்க்க அழகு கெடும் என்று கட்டுபவர் சொன்னாராம். பிள்ளை அல்லாஹ் கொடுத்த அமானத். அழகு கெடட்டும். முதல் காசை வேலியில் போடுங்கள், மிச்சத்தில் தண்ணீரைப் பேசலாம்.

அவர் இன்னொன்றும் கேட்டார், அது எனக்குச் சங்கடமாக இருந்தது. "ஊரில் ஒரு கிணறு வெட்டிக் கொடுத்துவிடுகிறேன் ஹஸ்ரத், அப்போது அருவி வைத்துக்கொள்ளலாமா?" கிணறு வெட்டுவது மகத்தான ஸதகா. தாயை இழந்த ஸஅத் இப்னு உபாதா (ரலி) எந்த தர்மம் சிறந்தது என்று கேட்டபோது நபியவர்கள் தண்ணீரைத்தான் சொன்னார்கள். அவர் தாயின் பெயரால் கிணறு தோண்டினார். மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) விலைக்கு வாங்கி எல்லோருக்கும் விட்டுக் கொடுத்தார்கள். விலை கொடுத்தவரின் வாளியும் மற்றவர்களின் வாளிகளில் ஒன்றாகவே அந்தக் கிணற்றில் இறங்கியது. நமக்கு என்ன பழக்கமாகிவிட்டது என்றால், தர்மத்தை அபராதம் மாதிரி கட்டிவிட்டு ரசீதோடு விரயத்துக்குப் போகிறோம். கிணற்றை வெட்டுங்கள். அதை அருவியோடு முடிச்சுப் போடாதீர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு என் கருத்தையும் சொன்னேன். ஃபத்வா என்று எடுக்க வேண்டாம், ஆலோசனைதான். உயரத்திலிருந்து கொட்டும் எதுவும் அந்த வெயிலுக்கு ஒத்துவராது. குளம் வேண்டுமானால் மூடியோடு கட்டுங்கள். ஆழமில்லாத மேடையில் அந்தக் கொப்பளிக்கும் ஊற்று ஒன்று போதும். உயரம் ஒரு சாண், குறைந்த ஓட்டம், தானே அணைந்துவிடும் கடிகாரம். பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்கும்போது மகள் அதில் விளையாடுவாள், கால் வலிக்காரர்கள் காலை நனைத்துக்கொண்டு உட்காருவார்கள். விருந்தாளிக்குத் தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கால் வலி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அவருடைய உம்மா இப்போது அங்கே ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார். இளவயதில் ஊருணியிலிருந்து இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று குடம் சுமந்தவர். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே ஒரு பாறை அருவி இருக்கிறதாம். வந்த முதல் வாரம் ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து, சமையலறையிலும் குளியலறையிலும் போய், எந்தக் குழாயை யார் திறந்து விட்டார்கள் என்று தடவிப் பார்த்திருக்கிறார். மகன் சிரித்துக்கொண்டேதான் இதை எனக்குச் சொன்னார். உம்மாவிடம் குளத்தின் படத்தைக் காட்டினீர்களா, அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டேன்.

இன்னும் காட்டவில்லை என்றார்.